தொட்டி ஊடக ஒப்பீடு: ஐந்து கலவை, ஒரே தக்காளி. திட்டத்தில் ஓட்டை எங்கே?

விதைத்தட்டு (இழையைத் தொடங்கியவர்) | பதிவு 1

வளர்ப்பு ஊடகம் மாறினால் செடியின் வளர்ச்சி எப்படி மாறும் என்று பார்க்க ஓர் ஒப்பீடு. திட்டம் இதுதான்.

15 செ.மீ. தொட்டிகள். ஊடகம் ஐந்து: (அ) தோட்டத்து மண் மட்டும், (ஆ) மணல் மட்டும், (இ) கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) மட்டும், (ஈ) கோகோபீட் 2 பங்கு, பெர்லைட் (உப்பவைத்த பாறைத் துகள்) 1 பங்கு, (உ) கோகோபீட்டும் மண்புழு உரமும் பாதிக்குப் பாதி. ஒவ்வொன்றுக்கும் 3 தொட்டி. அடியில் 3 செ.மீ. சரளைக்கல். தக்காளி விதை நேரடியாக ஊன்றுவது. எல்லாத் தொட்டிக்கும் தினமும் 200 மி.லி. நீர். உரம் கிடையாது. 30ஆம் நாள் உயரம் அளப்பது.

எல்லாவற்றையும் சமமாக நடத்த வேண்டும் என்பதால்தான் நீரும் ஒரே அளவு. குறை இருந்தால் விதை போடுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

---

வேர்நுனி | பதிவு 2

இந்தத் திட்டத்தின் முடிவை விதை போடாமலே சொல்லிவிடலாம். மண்ணும் மண்புழு உரக் கலவையும் முன்னால் நிற்கும், மணலும் வெறும் கோகோபீட்டும் வெளுத்துப் பின்தங்கும். அதில் ஊடகத்தின் பங்கு கொஞ்சம்தான். விதைக்குள் இருக்கும் சேமிப்பு வித்திலை விரிந்து முதல் நிஜ இலை வரும் வரைக்கும் போதும். அதற்குப் பிறகு தழைச்சத்து (நைட்ரஜன்) எங்கிருந்து வரும்? மணலிலும் பெர்லைட்டிலும் அது இல்லை. கோகோபீட்டில் பொட்டாசியம் இருக்கிறது, செடிக்குக் கிடைக்கும் தழைச்சத்து இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம். ஆக நீங்கள் அளக்கப்போவது ஐந்து ஊடகத்தை அல்ல. எதில் சாப்பாடு இருந்தது, எதில் இல்லை என்பதை.

அடுத்தது அந்த 200 மி.லி. சின்ன நாற்றுக்கு மண் தொட்டியில் தினமும் 200 மி.லி. ஊற்றினால் ஒரு வாரத்தில் வேர் மூச்சுத் திணறும். அதே 200 மி.லி. மணலில் பாதிக்கு மேல் கீழே ஓடிவிடும். அளவு ஒன்று, நடத்தை ஒன்றல்ல.

---

மண்வாசி | பதிவு 3

மறுக்கிறேன். மண்ணில் சத்து இருக்கிறது என்பதும் மண்ணின் குணம்தானே? உரம் கொடுத்து அதை மறைத்துவிட்டால் மண்ணுக்கு நியாயம் எங்கே?

---

வேர்நுனி | பதிவு 4

நியாயமான கேள்வி. ஆனால் அது வேறு கேள்வி. "எந்த ஊடகம் தன் கையிருப்பால் செடியைத் தாங்கும்?" என்பது ஒன்று. "சத்து எல்லாவற்றுக்கும் கிடைக்கும்போது எந்த ஊடகத்தில் வேர் நன்றாக இயங்கும்?" என்பது இன்னொன்று. இரண்டையும் ஒரே தொட்டியில் போட்டுக் கலக்கினால் எதற்கும் விடை வராது. இரண்டும் தெரிய வேண்டுமென்றால் ஒவ்வொரு ஊடகத்தையும் உரத்தோடு பாதி, உரமில்லாமல் பாதி என்று பிரிக்க வேண்டும். தொட்டி எண்ணிக்கை இரட்டிப்பாகும், அவ்வளவுதான்.

தொட்டியில் ஊடகத்தின் முதல் வேலை உணவு கொடுப்பது அல்ல. காற்றையும் நீரையும் ஒரே நேரத்தில் வேருக்கு எட்டும்படி வைத்திருப்பது. வேர் சுவாசிக்கிறது, ஆக்சிஜன் குறைந்தால் பக்கத்தில் நீரும் உரமும் எவ்வளவு இருந்தாலும் எடுத்துக்கொள்ள முடியாது. அதிக நீரில் நிற்கும் செடி வாடுவதைப் பார்த்துவிட்டு மேலும் நீர் ஊற்றிக் கொல்வது இதனால்தான் நடக்கிறது.

---

கரிஉமி | பதிவு 5

சரளைக்கல்லை முதலில் எடுத்துவிடுங்கள். அது வடிகாலை மேம்படுத்தாது, கெடுக்கும்.

காரணம்: நுண்துளைகள் நிறைந்த ஊடகத்தில் இருக்கும் நீர், பெரிய துளைகள் உள்ள கல் அடுக்குக்குள் தானாக இறங்காது. மேலே உள்ள ஊடகம் நிறைந்து தளும்பும் நிலை வந்த பிறகே சொட்டும். எந்தத் தொட்டியிலும் அடிப்பகுதியில் நீர் நிறைந்த ஒரு பட்டை நிற்கும். அதன் உயரத்தைத் தீர்மானிப்பது ஊடகத்தின் துகள் அளவு. தொட்டியின் உயரமோ ஓட்டைகளின் எண்ணிக்கையோ அல்ல. கல் போட்டால் அந்தப் பட்டை கல்லுக்கு மேலே ஏறி உட்காரும். 15 செ.மீ. தொட்டியில் 3 செ.மீ. கல் போட்டால் நீங்கள் வைத்திருப்பது 12 செ.மீ. தொட்டி, அதே ஈரப் பட்டையோடு.

பாத்திரம் கழுவும் பஞ்சு ஒன்றை நனைத்துப் படுக்கையாகப் பிடியுங்கள். சொட்டுவது நின்றதும் நீளவாக்கில் நிமிர்த்துங்கள்; மறுபடி சொட்டும். பஞ்சு அதே பஞ்சு, உயரம்தான் கூடியது. ஆழமற்ற தட்டில் ஒரு கலவை சகதியாக இருப்பதும், அதே கலவை ஆழமான தொட்டியில் சரியாக வடிவதும் இதே காரணத்தால். குழித்தட்டுக்கு இது இன்னும் கடுமை: குழி நாலைந்து செ.மீ. ஆழம்தான், அதற்குள் மண்ணை நிரப்பினால் கிட்டத்தட்ட முழுக் குழியுமே ஈரப் பட்டையாகிவிடும்.

ஓட்டை வழியாக ஊடகம் ஒழுகாமல் இருக்க ஒரு துண்டு வலை போதும்.

---

அளவுகோல் | பதிவு 6

ஒப்பீடு என்றால் ஊடகத்தின் பெயரை மட்டும் எழுதி வைக்காமல் அதன் காற்றிடத்தையும், அதாவது நீர் வடிந்த பிறகு காற்று நிற்கும் இடத்தையும் எழுதி வையுங்கள். "மணல்" என்று இரண்டு பேர் சொன்னால் இரண்டு வேறு பொருள். அளப்பது எளிது.

தொட்டி ஓட்டைகளை ஒட்டுநாடாவால் அடைத்து, நிரப்பப்போகும் கோடு வரை நீர் ஊற்றி, அந்த நீரை அளந்துகொள்ளுங்கள். அது தொட்டியின் கொள்ளளவு. நீரைக் கொட்டிவிட்டு, கையில் பிடித்தால் உருண்டை நிற்கும் அளவு ஈரமான ஊடகத்தை அதே கோடு வரை நிரப்பி, தரையில் மூன்று முறை லேசாகத் தட்டுங்கள். அழுத்த வேண்டாம். பிறகு ஒட்டுநாடாவை எடுத்துவிட்டு, தொட்டியை ஒரு வாளிக்குள் வைத்து, வாளியில் நீரை மெதுவாக ஏற்றுங்கள். கீழிருந்து ஏறும் நீர் காற்றுக் குமிழிகளை வெளியே தள்ளும். மேலிருந்து ஊற்றினால் குமிழி உள்ளேயே சிக்கி அளவு தப்பும். மேற்பரப்பில் நீர் மின்னியதும் ஓரிரு மணி நேரம் விடுங்கள். நீருக்குள்ளேயே ஓட்டைகளை விரலால் அடைத்துத் தூக்கி, ஒரு தட்டின் மேல் பிடித்துத் திறந்துவிடுங்கள். ஒரு மணி நேரத்தில் வடிந்த நீரை அளந்து, கொள்ளளவால் வகுத்து, நூறால் பெருக்கினால் காற்றிடச் சதவீதம்.

1,600 மி.லி. தொட்டியில் 240 மி.லி. வடிந்தால் 15 சதவீதம். தொட்டிச் செடிக்குப் பொதுவாக 10 முதல் 20 வரை பரவாயில்லை. மண் மட்டும் நிரப்பிய தொட்டியில் பெரும்பாலும் 5ஐக்கூட எட்டாது.

இந்த எண் அந்தத் தொட்டிக்கு மட்டுமே பொருந்தும். உயரம் மாறினால் எண்ணும் மாறும் (கரிஉமியின் பஞ்சு).

---

நார்க்கட்டி | பதிவு 7

கோகோபீட் பற்றி யாரும் இன்னும் தொடவில்லை. பலர் "ஊறவைத்தேன், நிரப்பினேன்" என்பதோடு நிறுத்திவிட்டு, செடி சுருண்டதும் ஊடகத்தைத் திட்டுகிறார்கள்.

இரண்டு தனித்தனிச் சிக்கல்கள் உண்டு. ஒன்று உப்பு. நார் ஊறப்போட்ட நீரைப் பொறுத்துச் சோடியமும் குளோரைடும் நிறைய இருக்கலாம். இது கழுவினால் போகும். மற்றொன்று, நார்த்தூளின் பிடிப்பிடங்களில் ஒட்டிக்கொண்டிருக்கும் சோடியமும் பொட்டாசியமும். இது வெறும் நீரில் கழுவினால் போகாது. நீங்கள் உரம் ஊற்றியதும் அந்தப் பிடிப்பிடங்கள் உரத்திலிருக்கும் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு, சோடியத்தையும் பொட்டாசியத்தையும் வெளியே விடும். செடிக்குக் கால்சியம் போய்ச் சேராது. தக்காளியில் பின்னாளில் காயின் அடிப்பக்கம் கருப்பாவதற்கு இதுவும் ஒரு காரணம்.

செய்முறை: 650 கிராம் கட்டி ஒன்றை 4 முதல் 5 லிட்டர் நீரில் உதிர்த்தால் 8 முதல் 9 லிட்டர் தூள் கிடைக்கும். அதை நல்ல நீரில் இரண்டு முறை அலசிப் பிழியுங்கள். பிறகு 10 லிட்டர் நீரில் 30 கிராம் கால்சியம் நைட்ரேட் கரைத்து அதில் ஒரு நாள் ஊறவிடுங்கள். வடித்து, மறுபடி ஒரு முறை நல்ல நீரில் அலசுங்கள். கடைசி அலசலை விட்டுவிடாதீர்கள். வெளியேறிய சோடியமும் பொட்டாசியமும் அந்த நீரில்தான் போகும்.

சரிபார்க்க: 100 மி.லி. கோகோபீட்டில் 150 மி.லி. காய்ச்சி வடித்த நீர் விட்டு அரை மணி நேரம் அவ்வப்போது கலக்கி, வடிகட்டி, ஈ.சி. மீட்டரில் (நீரில் கரைந்த உப்பை மின்கடத்தலை வைத்துக் காட்டும் கருவி) பாருங்கள். 0.5 மில்லிசீமன்ஸுக்குக் கீழே இருந்தால் விதைக்கு ஏற்றது. 1ஐத் தாண்டினால் விதை போடாதீர்கள்.

உங்கள் திட்டத்துக்கு இன்னொரு சிக்கல்: (இ)யைக் கழுவாமல் போட்டு, (ஈ)யைக் கழுவிப் போட்டால் அது பெர்லைட் ஒப்பீடு ஆகாது. மூன்று கலவைக்கும் ஒரே தொகுதிக் கோகோபீட், ஒரே நாளில் கழுவியதாக இருக்கட்டும்.

---

விதைத்தட்டு | பதிவு 8

கால்சியம் நைட்ரேட் இல்லையென்றால் ஜிப்சம் போதுமா?

---

நார்க்கட்டி | பதிவு 9

வேலை செய்யும், மெதுவாக. ஜிப்சம் ஒரு லிட்டர் நீரில் இரண்டரை கிராம் அளவுக்குத்தான் கரையும். அதனால் ஒரு நாள் போதாது. நீரை மாற்றி மாற்றி மூன்று நாள் ஊறவிடுங்கள். சுண்ணாம்பு வேண்டாம், பி.எச். (அமில, காரத்தன்மையின் அளவு) எகிறிவிடும்.

---

கரிஉமி | பதிவு 10

மற்றப் பொருட்களைப் பற்றிக் கொஞ்சம்.

பெர்லைட் எரிமலைக் கண்ணாடிப் பாறை. 850 – 900 டிகிரி செல்சியஸில் சூடேற்றினால் உள்ளிருக்கும் நீர் ஆவியாகிப் பொரி போல உப்பும். சத்தைப் பிடித்து வைக்காது. வேலை ஒன்றுதான்: இடைவெளி. அதனால் 3 முதல் 5 மி.மீ. அளவுள்ளதை வாங்குங்கள், தூளாக இருந்தால் இருக்கும் இடைவெளியையும் அடைக்கும். பையைத் திறந்ததும் நீர் தெளித்துவிடுங்கள், அந்தத் தூசி நுரையீரலுக்கு நல்லதல்ல.

வெர்மிகுலைட்டை இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். இரண்டும் உப்பவைத்த கனிமம், அதோடு ஒற்றுமை முடிந்தது. வெர்மிகுலைட் நீரையும் சத்தையும் பிடித்து வைக்கும். விதை மேல் தூவி மூட அருமை. அழுத்தினால் அடுக்குகள் நசுங்கிக் களி போலாகிவிடும். காற்றுக்காக அதைச் சேர்ப்பவர்கள் இரண்டு மாதத்தில் ஏமாறுவார்கள்.

மணல்: 0.5 முதல் 2 மி.மீ. வரை உள்ள கரடு மணல் மட்டுமே. பூச்சு வேலைக்குச் சலித்த நைஸ் மணல் தொட்டியில் நீரைத் தேக்கும். இன்னொரு பழைய தவறு, களிமண்ணில் கொஞ்சம் மணல் சேர்த்தால் இளகும் என்பது. மணல் துகள்கள் ஒன்றையொன்று தொடும் அளவுக்குப் பெரும்பங்கு மணலாக இருந்தால்தான் பெரிய துளைகள் உருவாகும். அதற்குக் குறைவாகப் போட்டால் மணல் இடையிலுள்ள வெளியைக் களி நிரப்பிவிடும். காய்ந்ததும் செங்கல்தான்.

உமி: பச்சை உமி காற்றிடம் தரும், மெதுவாக மட்கும். கருக்கிய உமி காரத்தன்மை உள்ளது. கலவையில் நான்கில் ஒரு பங்கைத் தாண்டினால் பி.எச். பாருங்கள். பச்சை மரத்தூள் மட்டும் வேண்டவே வேண்டாம். அதில் கரிமத்துக்கு ஏற்ற தழைச்சத்து மிகமிகக் குறைவு. அதை மட்க வைக்க வரும் நுண்ணுயிர்கள் செடிக்கு ஊற்றும் தழைச்சத்தை முந்திக்கொண்டு எடுத்துக்கொள்ளும்.

பீட் பாசி (சதுப்பில் பாதி மட்கிய பாசி) வைத்து இதே ஒப்பீட்டைச் செய்பவர்களுக்கு: அதன் பி.எச். 3.5 – 4.5. லிட்டருக்கு 3 முதல் 5 கிராம் டோலமைட் சுண்ணாம்பு கலந்து, ஈரமாக ஒரு வாரமாவது வைத்த பிறகே நடவு. முழுக்கக் காய்ந்தால் நீரை உள்ளே விடாது. ஓரமாக ஓடி அடியில் வடியும். கோகோபீட்டில் அந்தப் பிடிவாதம் குறைவு.

---

மண்வாசி | பதிவு 11

மண்ணை ஒரேயடியாகத் தள்ளிவிடாதீர்கள். நிலத்தில் நல்ல மண் தொட்டியில் மோசமாவதற்குக் காரணம் மண் அல்ல, இடம். நிலத்தில் ஈரம் ஒரு மீட்டர் ஆழத்துக்கு இழுபட்டு இறங்கும்; மண்புழுவும் வேரும் துளை போட்டு வைத்திருக்கும். தொட்டியில் இரண்டும் இல்லை, தினசரி நீர் ஊற்றி ஊற்றிக் கட்டியும் இறுகிப் போகும்.

1930களில் இங்கிலாந்தில் ஜான் இன்னெஸ் தோட்டக்கலை நிறுவனம் வகுத்த கலவையே மண்ணை அடித்தளமாகக் கொண்டதுதான்: மண் 7, பீட் 3, கரடு மணல் 2, எல்லாம் கொள்ளளவில். ஆனால் அங்கே மண்ணைத் தேர்ந்தெடுத்து, நீராவியில் சூடேற்றித்தான் பயன்படுத்தினார்கள். வீட்டில் செய்பவர்கள் மண்ணை மூன்றில் ஒரு பங்கோடு நிறுத்திக்கொள்வது பாதுகாப்பு.

சூடேற்றுவது பற்றி ஒரு எச்சரிக்கை: ஈரமான மண் 60 – 70 டிகிரியில் அரை மணி நேரம் இருந்தால் நாற்றழுகல் பூஞ்சைகளுக்குப் போதும். 85ஐத் தாண்டினால் மாங்கனீசு நஞ்சாகும் அளவுக்கு வெளிவரும், அம்மோனியமும் சேரும். "நன்றாக வறுத்தேன்" என்பவர்களின் நாற்று கருகுவது அதனால்தான்.

(உ) கலவை பாதிக்குப் பாதி என்பது அதிகம். மண்புழு உரம் கொள்ளளவில் 10 முதல் 20 சதவீதம் போதும். அதற்கு மேல் போனால் உப்பு ஏறும், நுண்துகள் காற்றிடத்தை அடைக்கும், செடி குட்டையாகும். உரம் நல்லது என்றால் நிறைய உரம் நிறைய நல்லது என்று ஆகாது.

---

விதைத்தட்டு | பதிவு 12

அப்படியென்றால் பாதிக்குப் பாதி என்பதையே வைத்து, 20 சதவீதம் என்ற ஆறாவது கலவையையும் சேர்த்தால் வித்தியாசம் தெரியுமே?

---

மண்வாசி | பதிவு 13

அது நல்ல யோசனை. இரண்டையும் வையுங்கள். ஆனால் மட்காத உரமாக இருந்தால் இரண்டுமே கெடும்: ஈரமாக்கிய ஒரு கை உரத்தைப் பையில் காற்றுப் புகாமல் மூன்று நாள் கட்டி வைத்துத் திறந்து முகருங்கள். அம்மோனியா நெடியோ புளித்த வாடையோ அடித்தால் இன்னும் மட்க வேண்டும்.

---

அளவுகோல் | பதிவு 14

நீரும் உரமும் எப்படிக் கொடுப்பது என்பதற்கு வருகிறேன், ஏனென்றால் இந்த ஒப்பீடு கவிழ்வது பெரும்பாலும் அங்கேதான்.

நீரை நாள் கணக்கில் அல்ல, எடைக் கணக்கில் கொடுங்கள். ஒவ்வொரு ஊடகத்திலும் ஒரு தொட்டியை நன்றாக நனைத்து, ஒரு மணி நேரம் வடியவிட்டு எடை போடுங்கள். அது மேல் எடை. செடி உள்ள உதிரித் தொட்டி ஒன்றை இலை தொங்கும் வரை விட்டு எடை போடுங்கள். அது கீழ் எடை. இரண்டுக்கும் நடுவே எடை வரும்போது நீர். உதாரணத்துக்குக் கோகோபீட் தொட்டி மேலே 1,100 கிராம், கீழே 550 என்றால் 825 வந்ததும் ஊற்ற வேண்டும். மணலில் இந்த இடைவெளி மிகச் சிறியது, ஒரு நாளிலேயே வந்துவிடும். மண்ணில் நான்கு நாள் ஆகலாம். ஊற்றும் அளவும் நாளும் வேறுபடும், செடி உணரும் வறட்சி ஒன்றாக இருக்கும். சமம் என்பது அதுதான். ஊற்றும்போது ஐந்தில் ஒரு பங்கு கீழே வடியும் அளவு ஊற்றுங்கள், உப்பு தேங்காது.

உரம்: முதல் நிஜ இலை தெரிந்ததும் தொடங்கலாம். ஒரு முறை லிட்டருக்கு 0.5 கிராம் 19:19:19 (தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சமமாக உள்ள உரம்), அதோடு 0.25 கிராம் மெக்னீசியம் சல்பேட், நுண்சத்துக் கலவை பையில் சொன்ன அளவு. அடுத்த முறை லிட்டருக்கு 0.5 கிராம் கால்சியம் நைட்ரேட் மட்டும். இரண்டையும் அடர் கரைசலாக ஒரே புட்டியில் கலக்காதீர்கள். கால்சியம் பாஸ்பேட்டாகவும் சல்பேட்டாகவும் அடியில் வெள்ளையாக உட்கார்ந்துவிடும். 19:19:19 பையில் தழைச்சத்தின் பெரும்பகுதி யூரியாவாக இருக்கும். யூரியா மின்சாரத்தைக் கடத்தாது, அதனால் ஈ.சி. மீட்டர் குறைத்துக் காட்டும். மீட்டரை நம்பி இரட்டிப்பாக்க வேண்டாம்.

வாரம் ஒரு முறை வடிநீர் பாருங்கள். நீர் ஊற்றி ஒரு மணி நேரம் கழித்து, மேலே 100 மி.லி. காய்ச்சி வடித்த நீரைச் சுற்றிலும் ஊற்றி, கீழே வருவதில் முதல் 50 மி.லி.யைப் பிடியுங்கள். இளஞ்செடிக்கு ஈ.சி. 1 முதல் 2.6 வரை இருக்கலாம். 4ஐத் தாண்டினால் இலை விளிம்பு கருகத் தொடங்கும். நல்ல நீரைத் தொட்டியின் கொள்ளளவு போல இரண்டு மடங்கு ஊற்றி அலசுங்கள்.

மூன்று தொட்டி போதாது. ஒன்று செத்தால் சராசரியே இல்லை. ஊடகத்துக்கு 8 வையுங்கள். விதையைத் தனித் தட்டில் முளைக்கவைத்து, ஒரே உயரமுள்ளவற்றை மட்டும் எடுத்து நடுங்கள். இல்லையென்றால் முளைப்பின் வேறுபாடு வளர்ச்சியின் வேறுபாடாகக் கணக்கில் ஏறும். தொட்டிகளைச் சீட்டுக் குலுக்கி இடம் மாற்றி வையுங்கள். ஒரு ஊடகம் முழுக்கச் சன்னல் பக்கம் இருந்தால் நீங்கள் ஒப்பிடுவது வெளிச்சத்தை.

---

வேர்நுனி | பதிவு 15

அளப்பது உயரத்தை மட்டும் என்றால் வெளிச்சம் போதாமல் ஒல்லியாக நீண்ட செடி முதல் பரிசு வாங்கும். வித்திலைக்குக் கீழே தண்டின் தடிமன், இலை எண்ணிக்கை, இறுதியில் உலர் எடை. வேரைத் தொட்டி நீரில் அமிழ்த்தி ஊடகத்தை உதிர்த்து, தண்டு தனி, வேர் தனியாக 65 – 70 டிகிரியில் எடை மாறாமல் நிற்கும் வரை உலர்த்துங்கள். இரண்டு மூன்று நாள் ஆகும். கோகோபீட் வேரோடு ஒட்டிக்கொண்டு எடையைக் கூட்டும், மணலில் அந்தத் தொல்லை இல்லை. அதனால் வேர் எடையை ஓரளவுக்கே நம்பலாம், தண்டு எடையை முழுதாக நம்பலாம்.

இடையில் இலை மஞ்சளானால் ஊடகத்தைப் பார்த்துவிட்டுக் காரணம் தேடுங்கள். மணலில் அடி இலை வெளுத்தால் தழைச்சத்து கழுவிப் போயிருக்கும். கோகோபீட்டில் அடி இலையின் நரம்பு பச்சையாக, இடையில் மஞ்சளாக இருந்தால் பெரும்பாலும் மெக்னீசியம். அதே கோலம் நுனி இலையில் வந்தால் இரும்பு. அப்போது இரும்பு ஊற்றுவதற்கு முன் பி.எச். பாருங்கள், 7ஐ நெருங்கினால் இருக்கும் இரும்பையே செடி எடுக்காது. மண் தொட்டியில் முழுச் செடியும் மங்கலாக மஞ்சளித்து, மேல்மண் ஈரமாகவே இருந்தால் வேரைப் பாருங்கள். பழுப்பாகக் கையோடு உரிந்து வந்தால் சத்தில் தேடாதீர்கள், காற்றில் தேடுங்கள்.

---

விதைத்தட்டு | பதிவு 16

திருத்திய திட்டம்: சரளை இல்லை. ஊடகம் ஆறு, ஒவ்வொன்றுக்கும் 8 தொட்டியும் ஒரு உதிரியும், ஆக 54. பதிவு 4 கேட்ட உரமில்லாத பாதி இந்தச் சுற்றில் இல்லை, இடம் போதவில்லை. (உ) இரண்டாகப் பிரிகிறது: 50 சதவீதம், 20 சதவீதம். தொட்டிக்கு 1.6 லிட்டர் வைத்தால் நான்கு கலவைக்குமாகச் சுமார் 43 லிட்டர் கோகோபீட், அதாவது 650 கிராம் கட்டி ஐந்து. எல்லாம் ஒன்றாகக் கழுவிக் கால்சியம் நைட்ரேட்டில் ஊறும். நீர் எடைக் கணக்கில், உரம் எல்லாவற்றுக்கும் ஒன்று. காற்றிடச் சதவீதம் தொடக்கத்திலும் முடிவிலும்.

---

கரிஉமி | பதிவு 17

ஐந்து கட்டி சரியாக நூலிழையில் நிற்கிறது, ஆறு வாங்குங்கள். பெரிய துகளும் சிறிய துகளும் கலந்தால் சிறியது பெரியதன் இடைவெளிக்குள் புகுந்துவிடும்; 2 லிட்டரும் 1 லிட்டரும் சேர்ந்து 3 லிட்டர் வராது. முதல் இரண்டு நீர் ஊற்றலிலேயே ஒரு விரல் அளவு அமுங்கும். அமுங்கினால் மேலே நிரப்பிச் சமன் செய்வது நடவுக்கு முன்புதான், பிறகு தண்டு மூடும்படி நிரப்பாதீர்கள். தக்காளி மூடிய தண்டிலும் வேர் விடும், ஒப்பீடு அங்கேயே போய்விடும்.